மகனுக்காகத் தாய்க்குத் தண்டனையா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 21 ஆண்டுகளாக எங்கள் சபையின் ஞாயிறு பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். தான் ஒரு தன்பாலீர்ப்பாளர் என்று என் மகன் சென்ற ஆண்டு எங்களிடம் சொன்னான். அதிர்ந்தோம், அழுதோம், ஆனால் அவனைக் கைவிடவில்லை. செய்தி போதகர் காதுக்கு எட்டிய மறு வாரமே பிள்ளைகளின் வருகைப் பதிவேட்டையும் அலமாரிச் சாவியையும் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். "சொந்தக் குடும்பத்தை நடத்தத் தெரியாதவர் சபைப் பிள்ளைகளை எப்படி நடத்துவார்?" என்று போதகர் கேட்கிறார். மகனை விடுதலை ஜெபத்துக்கு அழைத்து வந்தால் பொறுப்பைத் திரும்பத் தருவாராம். நான் என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: போதகர் கடைசியாகச் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். குறை உங்கள் தகுதியில்தான் என்றால், மகன் ஒரு ஜெபக் கூட்டத்துக்கு வந்ததும் அது எப்படித் தீரும்? உங்கள் போதனையில் பிழை கண்டு அந்தச் சாவியை அவர்கள் வாங்கவில்லை. உங்களைக் கொண்டு உங்கள் மகனை வளைத்துவிடலாம் என்ற கணக்கில் வாங்கியிருக்கிறார்கள்.

அவர் எடுத்தாளும் வசனம் 1 தீமோத்தேயு 3ஆம் அதிகாரத்தில் உள்ளது. அது சபையின் கண்காணியாக, அதாவது சபையை நடத்தும் தலைவராக, விரும்புகிறவருக்குரிய தகுதிகளைப் பேசுகிறது; அதை ஞாயிறு பள்ளி வரை இழுப்பதானால் மற்ற ஆசிரியர்கள் அனைவருடைய வீட்டுக் கதவையும் தட்ட வேண்டியிருக்கும். யோவான் 9ஆம் அதிகாரத்தை நீங்கள் அவருக்கு நினைவூட்டலாம். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவனைக் காட்டி, பாவம் செய்தவன் இவனா, இவனைப் பெற்றவர்களா என்று சீடர்கள் கேட்க, இருவரும் இல்லை என்கிறார் இயேசு. என்னை அதிகம் உறுத்துவது அதன் பிற்பகுதிதான். பார்வை பெற்றவனைப் பற்றி விசாரிக்கப் பெற்றோரை அழைக்கிறார்கள். இயேசுவைக் கிறிஸ்து என்று அறிக்கையிடுகிறவர்களை ஜெப ஆலயத்துக்குப் புறம்பாக்குவது என்று ஏற்கெனவே முடிவாகியிருந்ததால், அந்தப் பெற்றோர் பயந்துபோய், அவனுக்கு வயது வந்துவிட்டது, அவனையே கேட்டுக்கொள்ளுங்கள் என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். (தன்பாலீர்ப்பைப் பார்வைக் குறைபாட்டோடு ஒப்பிடுவதாக யாரும் எண்ண வேண்டாம், நான் பேசுவது அந்தப் பெற்றோரைப் பற்றி.) விலக்கிவைத்துவிடுவார்கள் என்ற பயம் பெற்றவர்களின் வாயிலிருந்து எப்படிப்பட்ட வார்த்தையை வரவழைக்கிறது, பாருங்கள்.

இதே பயத்தைப் பிள்ளைகள் பக்கமிருந்து பயன்படுத்தியவர்களும் உண்டு. அமெரிக்காவில் தோன்றிய மார்மன் சபை 2015 நவம்பரில் ஒரு விதி கொண்டுவந்தது. அதன்படி, ஒருபாலின இணையர் வளர்க்கும் பிள்ளைகள் 18 வயதாகி, பெற்றோரின் வீட்டைவிட்டு விலகி, ஒருபாலினத் திருமணத்தைத் தாங்கள் ஏற்கவில்லை என்று அறிக்கையிட்டால்தான் ஞானஸ்நானம் பெற முடியும். அந்தச் சபைக்குள்ளேயே பெரும் மனவருத்தத்தை உண்டாக்கிய அவ்விதி 2019 ஏப்ரலில் திரும்பப் பெறப்பட்டது.

துக்க வீடும் இதற்கு விலக்கல்ல. பேராயர் டெஸ்மண்ட் டூட்டுவின் மகள் ம்போ ஒரு குருவானவர். ஒரு பெண்ணை மணந்துகொண்டதால் தென்னாப்பிரிக்க ஆங்கிலிக்கன் சபையில் குருவாகப் பணியாற்றும் உரிமத்தை இழந்தவர். 2022இல் இங்கிலாந்தில் அவருடைய ஞானத்தந்தை இறந்தபோது, இறுதி ஆராதனையை அவர் நடத்த இங்கிலாந்துச் சபை அனுமதிக்கவில்லை. குடும்பத்தார் ஆலயத்தை விட்டுவிட்டு, பக்கத்திலிருந்த தோட்டத்தில் பெரிய கூடாரம் அமைத்து, அவரைக் கொண்டே அதை நடத்தினார்கள். இறந்தவர் தன்பாலீர்ப்பாளர் என்பதற்காக அல்ல, தங்களுக்கு வேண்டியவர் ஒருவரை விட்டுக்கொடுக்காததற்காகவே ஆலயத்துக்கு வெளியே நின்ற குடும்பம் அது.

விடுதலை ஜெபத்தைப் பற்றித் திட்டவட்டமாகவே சொல்கிறேன்: மகனை அழைத்துப் போகாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. ஜெபத்தால் மாற்ற முடியும் என்று 1976 முதல் இயங்கிவந்த எக்ஸோடஸ் இன்டர்நேஷனல் என்ற கிறிஸ்தவ அமைப்பு, தன்னால் காயப்பட்டவர்களிடம் அதன் தலைவர் மன்னிப்புக் கேட்டதோடு 2013இல் தன்னைக் கலைத்துக்கொண்டது. மகனுக்காக ஜெபிப்பது வேறு; அவனை உட்காரவைத்து, சுற்றி நின்று, அவனுக்குள் இருப்பதை விரட்டுவது வேறு.

பொறுப்பு திரும்பக் கிடைக்குமா என்றால், உறுதி சொல்ல மாட்டேன். தன் போதகர்களையும் போதிப்பவர்களையும் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பல நாடுகளின் சட்டங்கள் மத அமைப்புகளுக்கே விட்டுவைத்துள்ளன. எனினும், எந்த விதியின் கீழ் நீக்கினார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள். போதகரின் சொந்தக் கருத்து சபையின் சட்டமாக வேடமிட்டு நடப்பது உண்டு. எழுதச் சொன்னதும் பேச்சின் தொனியே மாறிவிடுவதையும் பார்க்கலாம்.

உங்களைப் போலவே ஜீன் மேன்ஃபோர்ட் என்பவரும் ஓர் ஆசிரியை. 1972இல் நியூயார்க் பேரணியில், தன்பாலீர்ப்பாளர்களின் பெற்றோரே, நம் பிள்ளைகளுக்காக ஒன்றுசேருங்கள் என்ற பொருளில் எழுதிய அட்டையை ஏந்தி மகனோடு நடந்தார். மறு ஆண்டு மார்ச்சில் அவர் கூட்டிய பெற்றோர் கூட்டத்துக்கு வந்தவர்கள் சுமார் 20 பேர். கூட்டம் நடந்த இடம் ஒரு மெதடிஸ்ட் ஆலயம்.

கேள்வி: நான் தன்பாலீர்ப்பாளன், பக்தியும் உள்ளவன். இரண்டில் ஒன்றை விட்டால்தான் நிம்மதியா?
– ஓர் இளைஞர்

பதில்: விடச் சொல்கிறவர்கள் மதம் என்பது மாறாதது என்று காட்டிக்கொள்வார்கள். தன்பாலீர்ப்பு கிறிஸ்தவ போதனைக்கு ஒவ்வாதது என்று 1972இல் எழுதிவைத்த ஐக்கிய மெதடிஸ்ட் சபை, இடையில் ஆயிரக்கணக்கான உள்ளூர்ச் சபைகள் பிரிந்து போன பிறகு, 2024இல் அந்த வரியை நீக்கியது. சுவீடன் சபை 2009 முதல் ஒருபாலின இணையருக்கு ஆலயத்திலேயே திருமணம் செய்துவைக்கிறது. மறுபுறம், மதச் சட்டத்தின் பெயரால் மரண தண்டனையே விதிக்கக்கூடிய ஈரான் போன்ற நாடுகளும் இருக்கின்றன. அங்கு வாழ்பவரிடம் போய் நிம்மதியைப் பற்றிப் பேச எனக்குத் துணிவில்லை. நீங்கள் பக்தியை வைத்துக்கொண்டு வழிபாட்டு இடத்தை மட்டும் மாற்றலாம். உங்களை உட்காரவைத்துப் பேசும் ஒரு குருவாவது கிடைக்கிறாரா என்று தேடிப் பாருங்கள். அதற்குள் அவசரப்பட்டு எதையும் விட வேண்டாம்.

கேள்வி: நானும் என் இணையரும் வளர்க்கும் மகளுக்குத் திருமுழுக்கு அளிக்கப் பங்குத்தந்தை மறுக்கிறார். கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டமே அதுதானா?
– இரு தாய்மார்

பதில்: இல்லை. ஒருபாலின இணையரின் குழந்தைக்குத் திருமுழுக்கு அளிக்கலாமா என்று ஆயர் ஒருவர் கேட்டதற்கு, குழந்தை கத்தோலிக்க விசுவாசத்தில் வளர்க்கப்படும் என்ற ஆதாரமுள்ள நம்பிக்கை இருந்தால் அளிக்கலாம் என்று வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுத் துறை 2023இல் பதிலளித்தது. இந்த நிபந்தனை எல்லாக் குழந்தைகளுக்கும் உரியது. திருச்சபைச் சட்டம் 868இல் உள்ளது. நம்பிக்கை அறவே இல்லாதபோதும் திருமுழுக்கைத் தள்ளிவைக்கத்தான் அச்சட்டம் சொல்கிறது. ஆகவே உங்கள் பங்குத்தந்தை மறுக்கிறாரா, தள்ளிவைக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். தள்ளிவைப்பதாகச் சொன்னால் காரணத்தைக் கேளுங்கள். மறுப்பதாகவே சொன்னால், ஞானப்பெற்றோர் யார், மறைக்கல்விக்கு என்ன ஏற்பாடு என்பதைக் குறிப்பிட்டு மறைமாவட்ட ஆயருக்குக் கடிதம் எழுதுங்கள்.