ஜெராக்ஸ் கடையில் விட்டுவந்த ஆதார்: வாசகர் கேள்வி பதில்

இணையத்தில் நம் சொந்த விவரங்களைக் காத்துக்கொள்வது பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், ஆரணி என்று பழைய வட ஆற்காடு முழுவதிலிருந்தும் கடிதங்கள் வந்தன. வழக்கமாகக் கேட்டவரின் பெயரையும் ஊரையும் போடுவோம், இந்த முறை ஊர் மட்டும்தான். காரணம், பல கடிதங்களின் அடியில் வீட்டு முகவரி, போன் நம்பர், ஒன்றில் பிறந்த தேதிகூட இருந்தது. அவற்றையெல்லாம் அடித்துவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுத்தோம்.

மகளின் கவுன்சலிங்குக்காக அவளுடைய ஆதார், மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஜெராக்ஸ் கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பித்தான் பிரின்ட் எடுத்தேன். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். இதில் என்ன ஆபத்து? (சத்துவாச்சாரி)

ஆபத்து இருக்கிறது அம்மா. நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். அண்ணனை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த சமயம், ரிப்போர்ட் பிரின்ட் எடுக்க ஒரு கடைக்குப் போனேன். வேலூரில் அந்த மாதிரிக் கடைகளுக்குக் குறைச்சலே இல்லை, வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வைத்தியத்துக்கு வருகிறவர்கள் லாட்ஜுக்கு ஒரு நகல், சிம்முக்கு ஒரு நகல் என்று நாள் முழுக்க எடுத்துக்கொண்டே இருப்பார்கள். என் ஃபைலைத் தேடிக் கடைக்காரத் தம்பி கம்ப்யூட்டரில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரை உருட்ட உருட்ட, யார் யாருடைய ஆதாரோ, பாஸ்புக் முதல் பக்கமோ, பயாப்சி ரிப்போர்ட்டோ வந்துகொண்டே இருந்தன. எனக்குப் பின்னால் நின்ற நாலு பேரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அந்தத் தம்பி நல்ல பையன், கெட்ட எண்ணமே கிடையாது, அழிக்க நேரமில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கம்ப்யூட்டரில் நாளைக்கு யார் உட்காருவார்கள், அது பழசானதும் எங்கே போகும் என்று அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

இனி இப்படிச் செய்யுங்கள். மை ஆதார் இணையதளத்தில் ஆதாரை இறக்கும்போது 'மாஸ்க்டு ஆதார்' என்று ஒரு கட்டம் வரும், அதை டிக் செய்தால் முதல் எட்டு எண்கள் மறைந்து கடைசி நாலு மட்டும் தெரிகிற பிரதி கிடைக்கும். முழு எண் கட்டாயம் தேவைப்படாத இடங்களில் அதையே கொடுங்கள். தாளில் நகல் கொடுக்கும்போது அதன் குறுக்கே, படத்தையும் எழுத்தையும் தொடுகிற மாதிரி, இன்ன காரியத்துக்காக இன்ன தேதியில் கொடுத்தது என்று பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பத்திரப்பதிவுக்கு நம் பெரியவர்கள் ஒவ்வொரு தாளிலும் கையெழுத்துப் போட்ட அதே கவனம்தான்.

வாட்ஸ்அப்பில் அனுப்பியே ஆகவேண்டும் என்றால், பிரின்ட் கைக்கு வந்ததும் 'டெலீட் ஃபார் எவ்ரிஒன்' போடுங்கள். அது மட்டும் போதாது. கடைக் கம்ப்யூட்டரில் இறங்கிவிட்ட ஃபைல் அதனால் போகாது. "தம்பி, என் ஃபைலை அழிச்சிடுப்பா, ரீசைக்கிள் பின்னிலும் எடுத்துடு" என்று கேட்டு, அழிக்கும் வரை நின்றுவிட்டு வாருங்கள். கூச்சப்பட வேண்டாம். நான் கேட்கிறேன், இதுவரை ஒருவரும் கோபித்துக்கொண்டதில்லை.

இன்னொன்று. இறக்கிய ஆதாருக்குப் பாஸ்வேர்டு இருக்கிறதே என்று தைரியமாக இருக்காதீர்கள். பெயரின் முதல் நாலு ஆங்கில எழுத்தும் பிறந்த வருடமும்தான் அந்தப் பாஸ்வேர்டு, எல்லாருக்கும் அதே முறைதான். உங்கள் பெயரும் வயதும் தெரிந்தவர் திறந்துவிடலாம்.

நகல் தவறான கைக்குப் போனால் உங்கள் பெயரில் யாரோ சிம் வாங்கலாம். சந்தேகம் இருந்தால் மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் நம்பரைக் கொடுத்து ஓடிபி போட்டுப் பாருங்கள், உங்கள் பெயரில் உள்ள இணைப்புகள் எல்லாம் வரும். வாங்காத நம்பர் இருந்தால் 'இது என்னுடையது இல்லை' என்று அங்கேயே சொல்லலாம்.

மகளுக்கு வரன் பார்க்கிறோம். தரகரிடம் கொடுத்த ஜாதகமும் போட்டோவும் பயோடேட்டாவும் எனக்குத் தெரியாத ஏழெட்டு வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றுகிறது. யார் யாரோ அவளுக்கே மெசேஜ் அனுப்புகிறார்கள். அவள் என்னிடம் பேசுவதையே நிறுத்திவிட்டாள். (குடியாத்தம்)

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகளின் கோபம் நியாயமானது, முதலில் அதை அவளிடமே ஒப்புக்கொள்ளுங்கள். அவளுடைய படத்தை யாருக்கு அனுப்பலாம் என்று முடிவு செய்யவேண்டியவள் அவள்தான்.

ஒரு பயோடேட்டாவில் என்னென்ன இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். முழுப்பெயர், பிறந்த தேதி, நேரம், ஊர், அப்பா அம்மா பெயர், குலதெய்வம், வேலை செய்யும் கம்பெனி, சம்பளம், வீட்டு முகவரி, சொந்த வீடு எத்தனை, நகை எத்தனை பவுன் என்பது வரை. வங்கியில் போன் செய்து "நான்தான் பேசுகிறேன்" என்று நிரூபிக்கக் கேட்கிற விவரங்களில் பாதி அதில் இருக்கிறது. மேலே சொன்ன ஆதார் பாஸ்வேர்டும் அதில் இருக்கிறது!

பத்துப் பொருத்தம் பார்க்க நட்சத்திரமும் ராசியும் போதும். கட்டம் பார்க்கவேண்டும் என்றால் ராசி, நவாம்சம், தசை இருப்பு. இதற்குப் பெயர் எதற்கு, கம்பெனி எதற்கு? முதலில் பெயர் இல்லாத கட்டத்தை மட்டும் கொடுங்கள், படிப்பு, என்ன மாதிரி வேலை, எந்த ஊர்ப் பக்கம் என்று பொதுவாகச் சொல்லுங்கள். ஜாதகம் ஒத்துவந்து, அந்த வீட்டாரோடு நீங்களே ஒரு முறை போனில் பேசிய பிறகு மிச்சத்தைச் சொல்லலாம். போட்டோ கடைசியில், அதுவும் முடிந்தால் நேரில் காட்டுங்கள். தொடர்புக்கு மகளின் நம்பரைப் போடவே கூடாது, உங்கள் வழக்கமான நம்பரும் வேண்டாம். இதற்கென்று ஒரு சிம் வாங்கி வையுங்கள், கல்யாணம் முடிந்ததும் நிறுத்திவிடலாம்.

ஏற்கெனவே பரவியதை முழுக்கத் திரும்ப எடுக்க வழி இல்லை. தரகரிடம் நேரில் போய், எந்தெந்தக் குரூப் என்று கேட்டு, அந்தந்த அட்மினிடம் எடுக்கச் சொல்லுங்கள். மகளின் வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் படத்தைத் தெரிந்தவர்களுக்கு மட்டும் என்று மாற்றச் சொல்லுங்கள். தொந்தரவு செய்கிறவரை பிளாக் செய்வதற்கு முன்னால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், போலீசில் புகார் கொடுக்க அதுதான் ஆதாரம். அப்புறம், இனி யாராவது போனில் உங்கள் பிறந்த தேதியையும் முகவரியையும் சரியாகச் சொன்னால் அதனாலேயே அவர் வங்கிக்காரர் ஆகிவிட மாட்டார் என்பதை வீட்டில் எல்லாரும் மனதில் வையுங்கள்.

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை. அவசரத்துக்கு ஒரு லோன் ஆப்பில் பத்தாயிரம் வாங்கினேன். அதில் என் போன் நம்பர்கள், போட்டோ எல்லாவற்றுக்கும் 'அலவ்' கொடுத்துவிட்டேன். இப்போது அத்தைக்கும் சூப்பர்வைசருக்கும் போன் செய்து என்னைக் கேவலமாகப் பேசுகிறார்கள். (ஆம்பூர்)

தம்பி, கடன் வாங்கியது குற்றமில்லை. உன்னை அவமானப்படுத்துகிறவர்கள் செய்வதுதான் தப்பு. ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது, கடன் ஆப் எதுவும் உன் போனில் இருக்கிற காண்டாக்ட் பட்டியலையோ படங்களையோ கால் விவரத்தையோ தொடக்கூடாது என்று. கூகுள் பிளே ஸ்டோரும் 2023 மே 31-இலிருந்து கடன் ஆப்கள் படத்தையும் காண்டாக்ட்டையும் கேட்பதற்குத் தடை போட்டது. ஆகவே ஒரு கடன் ஆப் 'காண்டாக்ட்ஸ் அலவ்' என்று கேட்டாலே அது ஒழுங்கான ஆப் இல்லை.

இன்றைக்கே சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்கு போன் செய், அல்லது சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் புகார் எழுது. மிரட்டல் மெசேஜ், கால் விவரம், பணம் வந்த தேதி, கட்டிய ரசீது எல்லாவற்றையும் முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள். அதன் பிறகு செட்டிங்ஸில் அந்த ஆப்பின் பர்மிஷன்களை நிறுத்திவிட்டு ஆப்பை நீக்கு. ஏற்கெனவே எடுத்துப்போன நம்பர்கள் அவர்களிடம் இருக்கும், அதை மறைக்க முடியாது. அதனால் நீயே முந்திக்கொண்டு அத்தையிடமும் சூப்பர்வைசரிடமும் நண்பர்களிடமும் "இப்படி நடந்துவிட்டது, என் பெயரைச் சொல்லி எது வந்தாலும் நம்பாதீர்கள்" என்று சொல்லிவிடு. அவர்கள் கையில் இருக்கிற ஒரே ஆயுதம் உன் வெட்கம்தான், நீ சொல்லிவிட்டால் அதற்கு வலு போய்விடும். மிரட்டலுக்குப் பயந்து இன்னொரு ஆப்பில் வாங்கி இதை அடைக்காதே. ராத்திரி மனசு தாங்கவில்லை என்றால் தனியாக உட்கார்ந்திருக்காமல் யாரையாவது எழுப்பு.

ஆரணியில் வீட்டிலிருந்தே பட்டுப் புடவை விற்கிறேன். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில்தான் வியாபாரம். ராத்திரி பதினொன்றுக்குத் தெரியாத ஆண்கள் 'ஹாய்' போடுகிறார்கள். நம்பரை மறைத்தால் வியாபாரம் போய்விடுமே? (ஆரணி)

நம்பரை மறைக்க வேண்டாம், இரண்டாகப் பிரித்துவிடுங்கள். வியாபாரத்துக்குத் தனி சிம், அதில் வாட்ஸ்அப் பிசினஸ். ஒரே போனில் இரண்டு வாட்ஸ்அப்பும் ஓடும். அந்தக் கணக்கில் உங்கள் படத்துக்குப் பதிலாகப் புடவை படமோ கடைப் பெயரோ இருக்கட்டும், 'வேலை நேரம் காலை 10 முதல் இரவு 8' என்று தானாகப் பதில் போகிற மாதிரி வைக்கலாம். சொந்த நம்பரில் பிரைவசி செட்டிங்ஸுக்குப் போய்ப் படம், ஸ்டேட்டஸ், லாஸ்ட் சீன், குரூப்பில் யார் சேர்க்கலாம் என்ற நாலையும் 'மை கான்டாக்ட்ஸ்' ஆக்குங்கள். தெரியாத நம்பரின் வாட்ஸ்அப் கால் ஒலிக்காமல் இருக்கவும் அங்கேயே வசதி உண்டு.

பணம் வாங்குகிற யுபிஐ முகவரியையும் பாருங்கள். பல ஆப்களில் உங்கள் போன் நம்பரேதான் யுபிஐ முகவரியாக இருக்கும், அதை வேறு பெயரில் மாற்றிக்கொள்ளலாம். பணம் வாங்க யுபிஐ ரகசிய எண் (PIN) போடத் தேவையே இல்லை, 'பணம் அனுப்பியிருக்கிறேன், பின் போடுங்க' என்று ஒரு வாடிக்கையாளர் சொன்னால் அவர் வாடிக்கையாளர் இல்லை.

இரண்டு கணக்கிலும் 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்' போட்டு ஆறு இலக்க எண் ஒன்றை வையுங்கள். ஓடிபி எப்படியோ ஒருவர் கைக்குப் போனாலும் அந்த எண் தெரியாமல் உங்கள் வாட்ஸ்அப்பை அவர் போனில் உடனே திறக்க முடியாது.

துணிக்கடையில் பில் போடும்போது போன் நம்பர் சொல்லியே ஆகவேண்டுமா? (ராணிப்பேட்டை)

வேண்டாம். நம்பர் தராவிட்டால் பொருள் தரமாட்டேன் என்று கடைகள் கட்டாயப்படுத்தக்கூடாது என்று மத்திய நுகர்வோர் துறை 2023 மே மாதமே அறிவுறுத்தியது. "நம்பர் வேண்டாம், பேப்பர் பில் கொடுங்க" என்று சொன்னால் போதும். விளம்பரக் கால்கள் குறைய 1909-இல் 'தொந்தரவு செய்யாதே' (டிஎன்டி) என்று பதிவு செய்யுங்கள்.

பிரவுசரில் 'இன்காக்னிட்டோ' என்கிற ரகசிய ஜன்னலில் பார்த்தால் யாருக்கும் தெரியாதா? (காட்பாடி, கல்லூரி மாணவர்)

உங்கள் போனை அடுத்து எடுக்கிறவருக்கு ஹிஸ்டரி தெரியாது, அவ்வளவுதான். நெட் கொடுக்கிற கம்பெனிக்கும், ஹாஸ்டல் வைஃபை நடத்துகிறவருக்கும், நீங்கள் போகிற தளத்துக்கும் நீங்கள் வந்தது தெரியும். பிரவுசிங் சென்டரில் மட்டும் அதைக் கட்டாயம் பயன்படுத்துங்கள், எல்லா ஜன்னலையும் மூடியதும் லாகின் போய்விடும்.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். என்னிடம் மறைக்க எதுவும் இல்லை. இத்தனை கவலை எதற்கு? (வாலாஜாபேட்டை)

ஐயா, உங்கள் வகுப்பில் ஒரு பையனின் மார்க்கை மற்றவர் முன் வாசிக்காமல் தனியாக அழைத்துச் சொல்லியிருப்பீர்கள். அவன் தப்பு செய்தான் என்பதாலா மறைத்தீர்கள்? அது அவனுடையது என்பதால்தானே.

உங்களைப் போலவே ஓய்வுபெற்ற ஒருவர்தான் இதற்காக உச்ச நீதிமன்றம் போனார். கர்நாடக உயர் நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி கே.எஸ். புட்டசாமி. 2012-இல் வழக்குப் போடும்போது அவருக்கு 80 வயது தாண்டிவிட்டது. அந்த வழக்கில்தான் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில், அந்தரங்கம் என்பது அரசியலமைப்பு தருகிற அடிப்படை உரிமை என்று தீர்ப்புச் சொன்னார்கள். உங்களிடம் மறைக்க ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் உங்கள் போனில் பேத்தியின் பள்ளிச் சீருடைப் படம் இருக்கிறது, மருமகளின் மருத்துவ ரிப்போர்ட் இருக்கிறது, நூறு மாணவர்களின் நம்பர் இருக்கிறது. அவர்கள் சார்பில் நீங்கள் யாருக்கும் 'அலவ்' கொடுத்துவிட முடியாது.

தெருவில் பழைய செல்போன் வாங்குகிற வண்டி வருகிறது. உடைந்த போனைக் கொடுத்து பிளாஸ்டிக் டப்பா வாங்கலாமா? (திருப்பத்தூர்)

போன் ஆன் ஆகிறது என்றால் முதலில் படங்களை வேறு இடத்தில் சேமித்து, வங்கி ஆப்களிலிருந்தும் கூகுள் கணக்கிலிருந்தும் வெளியேறி, 'ஃபேக்டரி ரீசெட்' போட்டுவிட்டுக் கொடுங்கள். திரை செத்துப்போய் எதுவும் தெரியவில்லை என்றால் கொடுக்க வேண்டாம். திரைதான் போயிருக்கிறது, உள்ளே படமும் மெசேஜும் அப்படியே இருக்கும், புதுத் திரை போட்டால் எழுந்துவிடும். சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிட்டு, புதுப் போனில் கூகுள் கணக்கின் செக்யூரிட்டி பக்கத்துக்குப் போய் 'யுவர் டிவைசஸ்' என்ற இடத்தில் பழைய போனைத் தேடி 'சைன் அவுட்' கொடுங்கள். வாட்ஸ்அப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' பட்டியலையும் பார்த்து, உங்களுக்குத் தெரியாத கம்ப்யூட்டர் ஏதாவது இருந்தால் எடுத்துவிடுங்கள். டப்பாவைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.