தா ஹோங் பாவ் கரியாய்க் கசக்கிறதே, போலியா?

கேள்வி: சீனாவிலிருந்து வந்த நண்பர் தா ஹோங் பாவ் என்ற ஊலாங் தேயிலை தந்தார். 8 கிராம் பொட்டலம் ஒன்றை ஒரு கோப்பை வெந்நீரில் ஐந்து நிமிடம் ஊறவைத்தேன். கரி மாதிரிக் கசந்தது. போலியா? தண்ணீரை ஆறவிட்டு ஊற்றலாமா?

பதில்: ஆறவிடாதீர்கள். கசப்போடு வாசனையும் போய்விடும். குறைக்க வேண்டியது நேரத்தை. அந்த 8 கிராம், 110 மில்லி பிடிக்கும் மூடிக் கிண்ணத்தில் (கைவான்) ஏழெட்டுத் தடவை வடித்துக் குடிக்கிற அளவு. தளதளவென்று கொதிக்கும் நீரை ஊற்றி, முதல் மூன்று தடவையும் பத்து விநாடிக்குள் ஒட்ட வடித்துவிடுங்கள். அடியில் தேங்கும் இரண்டு கரண்டி நீர்தான் அடுத்த வடிப்பைக் கெடுக்கும். பிறகு ஐந்து, பத்து விநாடியாகக் கூட்டுங்கள். கோப்பைதான் உண்டென்றால் 200 மில்லிக்கு 2 கிராம், மூன்று நிமிடம்.

அப்படியும் கரியாய்க் கசந்தால், வடித்த இலை ஒன்றை விரலால் பிரித்துப் பாருங்கள். பழுப்பாக, துவண்டு விரிந்தால் நல்ல இலை. மேலே சின்னக் கொப்புளங்கள் இருந்தால் பயப்படாதீர்கள், வறுத்ததன் தடம் அது. விரியாமல், கரிக்கட்டையாக நொறுங்கினால் தீய்ந்த சரக்கு. மட்டமான இலையையும் பழைய இருப்பையும் அழுத்தி வறுத்து மறைப்பது தரகர்களின் பழைய வேலை.

ஒரு விலக்கு உண்டு. தா ஹோங் பாவ் விளையும் சீனத்து வூயி மலையில் இந்த இலையைச் சாம்பல் மூடிய கரித்தணலில் மணிக்கணக்காக வாட்டுகிறார்கள். வாட்டிய புதிதில் உயர்ந்த இலைகூடப் புகைச்சலாகத்தான் இருக்கும். அந்தச் 'சூடு' இறங்கச் சில மாதம் பிடிக்கும். பொட்டலத்துத் தேதியை நம்பாதீர்கள், அது பொட்டலம் கட்டிய நாளாக இருக்கலாம். இலை துவண்டு விரிந்தும் புகைச்சல் அடித்தால், மீதியைப் பிரிக்காமல் மூன்று மாதம் வைத்துப் பாருங்கள். குளிர்பெட்டி வேண்டாம், சாம்பார்ப் பொடிக்குப் பக்கத்திலும் வேண்டாம்.

போலியா என்ற கேள்விக்கு: 'மூல மரத்து இலை' என்று யாராவது விற்றால் அது பொய். தா ஹோங் பாவின் மூல மரங்கள் என்பவை வூயி மலையின் ஜியுலோங்கே பாறையிலுள்ள ஆறே மரங்கள்; அவற்றில் 2006 முதல் பறிப்பதே கிடையாது. கடையில் கிடைப்பது பெரும்பாலும் ஷுய் ஷியென், ரோவ் குய் போன்ற வேறு வூயித் தேயிலை வகைகளின் கலவை. அதில் மோசடி ஒன்றுமில்லை. பெட்டிமேலுள்ள புவிசார் முத்திரையும் (இன்ன இடத்தில் விளைந்தது என்ற சான்று) உங்களுக்கு உதவாது. சீனத் தரவிதி வூயி மலை இருக்கும் வூயிஷான் நகராட்சி எல்லை முழுவதையும் ஒரே வேலிக்குள் போட்டுவிட்டது. பாறை இடுக்கில் விளைந்ததற்கும் சமவெளியில் விளைந்ததற்கும் ஒரே முத்திரை! விலை வித்தியாசம் போவது தரகர் பைக்கு.

அடுத்த முறை காசு கொடுத்து வாங்கினால், எப்போது வறுத்தது என்று மட்டும் கேளுங்கள். மழுப்பினால் ஒரு பொட்டலத்துக்கு மேல் வாங்காதீர்கள்.