சர்வர் சந்தேகங்கள்: பெயர்ப்பலகை சுவர் ஆகாது

கேள்வி: உபுண்டு சர்வரில் அப்பாச்சி 2.4 வெப் சர்வர் போட்டு மூன்று தளங்கள் வைத்திருக்கிறோம். எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு டொமைனை பிரவுசரில் அடித்தால் எங்கள் அச்சகத் தளம் வருகிறது. ஐபி எண்ணை நேரடியாகப் போட்டாலும் அதே தளம்தான். யாராவது உள்ளே புகுந்துவிட்டார்களா?
- சிவகாசி வாசகர்

பதில்: இதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. தன் டொமைனின் டிஎன்எஸ்ஸில் (பெயருக்கு எந்த ஐபி என்று சொல்லும் பதிவு) உங்கள் ஐபி எண்ணை எழுதிவைக்க யாருக்கும் உங்கள் அனுமதி தேவையில்லை. அந்த ஐபியை முன்பு வைத்திருந்தவர் டிஎன்எஸ்ஸை மாற்ற மறந்திருந்தாலும் இப்படித்தான் நடக்கும்.

கோரிக்கை வந்ததும் அப்பாச்சி அதன் ஹோஸ்ட் தலைப்பில் (எந்தத் தளம் வேண்டும் என்று பிரவுசர் அனுப்பும் வரி) உள்ள பெயரை, விர்ச்சுவல் ஹோஸ்டுகளின் (கான்ஃபிக்கில் தளத்துக்கு ஒன்றாக எழுதும் பகுதிகள்) சர்வர்நேம், சர்வர்அலியாஸ் வரிகளோடு ஒப்பிடுகிறது. எதிலும் பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்பாது. அந்த போர்ட்டுக்கு முதலில் படித்த விர்ச்சுவல் ஹோஸ்டிடம் ஒப்படைத்துவிடும். உபுண்டுவில் 'சைட்ஸ்-எனேபிள்டு' ஃபோல்டரின் கோப்புகள் ஆங்கில அகரவரிசையில் படிக்கப்படுகின்றன. கூடவே வரும் கோப்புக்கு '000-டீஃபால்ட்' என்று பெயர் வைத்ததே அது முதலில் நிற்கத்தான். 'தேவையில்லாத கோப்பு' என்று அதை நிறுத்திவிடுவது பலருக்கும் வழக்கம். நிறுத்தியதும் வரிசையில் அடுத்த தளம் வாசலுக்கு வந்துவிடுகிறது. உங்கள் அச்சகத் தளத்துக்கு நேர்ந்தது அதுவாகத்தான் இருக்கும்.

அந்தக் கோப்பைத் திரும்ப இயக்கி, உள்ளடக்கத்தை மட்டும் மாற்றுங்கள். சர்வர்நேம் வரியில் 'டீஃபால்ட்.இன்வேலிட்' என்று போடலாம், '.இன்வேலிட்' யாருக்கும் விற்கப்படாத, ஒதுக்கிவைக்கப்பட்ட முடிவு. அந்த வரியை எழுதாமல் விடாதீர்கள்; விட்டால் சர்வரின் சொந்தப் பெயரை அப்பாச்சி தானாக எடுத்துக்கொள்ளும். 'லொகேஷன் /' பிளாக்கில் 'ரிக்வயர் ஆல் டினைட்' எழுதுங்கள். இனி பெயர் தெரியாமல் வருகிறவர்களுக்கு 403 (அனுமதி இல்லை) பதில்தான்.

80ஆம் போர்ட்டுக்குச் செய்துவிட்டு 443ஐ (ஹெச்டிடிபிஎஸ் போர்ட்) மறப்பதுதான் பெரும்பாலும் நடக்கிற தவறு. அதற்குத் தனி விர்ச்சுவல் ஹோஸ்ட் வேண்டும். உபுண்டு தரும் கோப்பின் பெயர் 'டீஃபால்ட்-எஸ்எஸ்எல்'. ஆங்கிலத்தில் அது 'டி'யில் தொடங்குவதால், 'ஏ', 'பி', 'சி'யில் தொடங்கும் உங்கள் தளம் அதை முந்திவிடும். '000-டீஃபால்ட்-எஸ்எஸ்எல்' என்று பெயர் மாற்றி வையுங்கள். அதற்குக் கொடுக்கும் சான்றிதழ் உங்கள் உண்மையான சான்றிதழாக இருக்கக் கூடாது. அதில் உங்கள் டொமைன் பெயர்கள் எழுதியிருக்கும். ஐபியைத் தட்டுகிறவர் எல்லாவற்றையும் படித்துவிடுவார். 'எஸ்எஸ்எல்-செர்ட்' பேக்கேஜ் உருவாக்கித் தரும் 'ஸ்நேக்ஆயில்' சான்றிதழ் போதும். பிரவுசர் எச்சரிக்கை காட்டும். தவறான பெயரில் வந்தவருக்குக் காட்டட்டுமே.

இன்னொரு பொறி: ஒரு விர்ச்சுவல் ஹோஸ்டில் ஐபி எண்ணும் மற்றவற்றில் '*:80' என்றும் எழுதியிருந்தால், அந்த ஐபிக்கு வரும் எல்லாமே முதல் ரகத்துக்குப் போகும். '*' உள்ளவற்றில் பெயரை ஒப்பிடவே மாட்டார் அப்பாச்சியார். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி எழுதுங்கள்.

ரீலோடுக்கு முன் 'அப்பாச்சிசிடிஎல் கான்ஃபிக்டெஸ்ட்', பிறகு 'அப்பாச்சிசிடிஎல் -எஸ்' (பெரிய எழுத்து எஸ்). ஒவ்வொரு போர்ட்டுக்கும் 'டீஃபால்ட் சர்வர்' எது என்று இரண்டாவது கட்டளை காட்டும். கடைசியாக, கர்ல் கட்டளையில் ஹோஸ்ட் தலைப்பாக ஒரு பொய்ப் பெயர் கொடுத்து உங்கள் ஐபியைக் கேளுங்கள். 200 ('சரி' என்ற பதில்) வந்தால் வேலை முடியவில்லை.

இவ்வளவு மெனக்கெட ஒரு காரணம் உண்டு. கடவுச்சொல்லை மாற்ற மின்னஞ்சல் அனுப்பும் சில செயலிகள், ஹோஸ்ட் தலைப்பில் வந்த பெயரை அப்படியே நம்பி இணைப்பை உருவாக்குகின்றன. பொய்ப் பெயர் அங்கே போய்ச் சேர்ந்தால், அந்த இணைப்பைத் தட்டுகிறவரின் ரகசிய டோக்கன் வேறொருவர் தளத்துக்குப் போய்விடும்.

கேள்வி: தளத்தை ஹோம் ஃபோல்டருக்குள் வைத்தேன், 403 வந்தது. எல்லாவற்றுக்கும் 777 கொடுத்ததும் சரியாகிவிட்டது. அப்படியே விடலாமா?
- நாமக்கல் வாசகர்

பதில்: கூடாது. சர்வரில் இருக்கும் எந்தப் பயனரும், எந்த நிரலும் உங்கள் கோப்புகளைத் திருத்தலாம் என்பதுதான் 777. உபுண்டு 21.04 முதல் புதிய ஹோம் ஃபோல்டர்கள் 750 அனுமதியோடு (உரிமையாளரும் அவர் குழுவும் தவிர மற்றவருக்கு வழி இல்லை) உருவாகின்றன. அப்பாச்சியின் 'டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா' பயனர் அதற்குள் நுழையவே முடியாது, அதனால்தான் 403. காரணத்தை எரர் லாக்கில் பாருங்கள்: ஏஹெச்00035 என்றால் வழியில் ஏதோ ஒரு ஃபோல்டரில் அனுமதிக் குறை, ஏஹெச்01630 என்றால் கான்ஃபிக்கில் 'ரிக்வயர்' வரி தடுக்கிறது. இரண்டுக்கும் மருந்து வேறு.

தளத்தை '/வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ'வின் கீழ் தனி ஃபோல்டருக்கு மாற்றுங்கள். உரிமையாளர் உங்கள் பயனர், குழு டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா, ஃபோல்டர்களுக்கு 750, கோப்புகளுக்கு 640. படங்கள் பதிவேறும் ஃபோல்டருக்கு மட்டும் எழுதும் உரிமை. டாக்குமென்ட்ரூட் வரி புராஜெக்டின் தலை ஃபோல்டரைக் காட்டாமல் உள்ளே இருக்கும் 'பப்ளிக்' ஃபோல்டரைக் காட்டட்டும். இல்லாவிட்டால் கடவுச்சொற்கள் இருக்கும் '.என்வ்' கோப்பும் நிரலின் வரலாறு இருக்கும் '.கிட்' ஃபோல்டரும் இணையத்தில் கிடக்கும். உபுண்டுவின் மூலக் கான்ஃபிக்கில் '/வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ'வுக்கு 'இண்டெக்ஸஸ்' (ஃபோல்டரில் உள்ள கோப்புகளைப் பட்டியலிட்டுக் காட்டும் வசதி) திறந்தே இருக்கிறது. 'ஆப்ஷன்ஸ் -இண்டெக்ஸஸ்' போட்டு மூடுங்கள். அந்த வரியில் ஒன்றுக்குக் குறி (+ அல்லது -) போட்டு இன்னொன்றுக்குப் போடாமல் கலந்தால் அப்பாச்சி கிளம்பவே கிளம்பாது.

கேள்வி: ஒரே சர்வரில் ஐந்து வேர்ட்பிரஸ் தளங்கள். ஒன்றில் வைரஸ் புகுந்தது. இரண்டே நாளில் ஐந்திலும். தனித்தனி விர்ச்சுவல் ஹோஸ்ட்தானே, எப்படிப் பரவியது?
- திருச்சி வாசகர்

பதில்: விர்ச்சுவல் ஹோஸ்ட் வெறும் பெயர்ப்பலகை. ஒரே வீட்டு வாசலில் ஐந்து பலகை தொங்கவிட்டால் உள்ளே ஐந்து அறை முளைத்துவிடாது. உங்கள் ஐந்து தளங்களின் பிஹெச்பியும் ஒரே டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா பயனராக ஓடியிருக்கும். ஒன்றில் நுழைந்தவர் மற்றவற்றின் டேட்டாபேஸ் கடவுச்சொல்லையும் படித்திருப்பார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சுத்தம் செய்யும்போது ஐந்து கடவுச்சொற்களையும் மாற்றுங்கள்.

சுவர் எழுப்ப பிஹெச்பி-எஃப்பிஎம் பூல்கள்தான் (தளத்துக்குத் தளம் வேறு பயனராக பிஹெச்பியை ஓட்டும் ஏற்பாடு) வழி. தளத்துக்கு ஒரு லினக்ஸ் பயனர். 'பூல்.டி' ஃபோல்டரில் உள்ள மாதிரிக் கோப்பைத் தளத்துக்கு ஒன்றாக நகலெடுத்து, சதுர அடைப்புக்குறிக்குள் இருக்கும் பூலின் பெயர், யூசர், குரூப், லிஸன் ஆகிய நான்கையும் மாற்றுங்கள். லிஸன் வரியில் தளத்துக்கு ஒரு சாக்கெட் கோப்பு (அப்பாச்சியும் பிஹெச்பியும் பேசிக்கொள்ளும் வழி). அதன் உரிமையாளர் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா, அனுமதி 0660. பிறகு அப்பாச்சியில் பழைய பிஹெச்பி மாட்யூலையும் எம்பிஎம் (கோரிக்கைகளைக் கையாளும் மாட்யூல்) பிரீஃபோர்க்கையும் நிறுத்தி, எம்பிஎம் ஈவென்ட்டையும் பிராக்ஸி எஃப்சிஜிஐயையும் இயக்குங்கள். ஒவ்வொரு விர்ச்சுவல் ஹோஸ்டிலும் செட்ஹேண்ட்லர் வரி அந்தந்தத் தளத்தின் சாக்கெட்டைக் காட்ட வேண்டும். பாதை பிசகினால் 503 வரும், எரர் லாக்கில் ஏஹெச்02454 என்று இருக்கும்.

தளத்தின் கோப்புகள் அதன் பயனருக்குச் சொந்தம், குழு மட்டும் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா, அனுமதி முன்பு சொன்ன 750, 640. வேர்ட்பிரஸ்ஸின் 'டபிள்யூபி-கான்ஃபிக்' கோப்புக்கு 600 போதும். அதைப் படிப்பது பிஹெச்பி மட்டுமே. தளப் பயனர்களை டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா குழுவில் சேர்த்துவிடாதீர்கள், கட்டிய சுவரில் நீங்களே ஓட்டை போட்டதாகும். 'ஃபாலோசிம்லிங்க்ஸ்' இருக்கும் இடத்தில் 'சிம்லிங்க்ஸ்இஃப்ஓனர்மேட்ச்' போடுவது நல்லது. ஒரு தளத்திலிருந்து இன்னொன்றின் கோப்புக்கு சிம்லிங்க் (வேறொரு கோப்பைச் சுட்டும் குறுக்குவழி) வைத்து அப்பாச்சி மூலமாகவே படிக்கிற தந்திரத்துக்கு அது தடை.

ஐந்து பூல் என்றால் மெமரி தாங்குமா என்று அடுத்த கேள்வி வரும். கூட்டம் குறைந்த தளங்களில் 'பிஎம்' வரியை 'ஆன்டிமாண்ட்' ஆக்குங்கள். ஆள் வரும்போது மட்டும் பிஹெச்பி எழும்.

கேள்வி: என்ஜின்எக்ஸ் வெப் சர்வரில் முகவரி தெரியாமல் வருகிறவர்களை எப்படித் தடுப்பது?
- யாழ்ப்பாணம் வாசகர்

பதில்: அப்பாச்சியை விடச் சுலபம். 'டீஃபால்ட்_சர்வர்' என்று குறித்த ஒரு சர்வர் பிளாக் வையுங்கள். குறிக்காவிட்டால் இங்கேயும் முதல் பிளாக்தான் வாசல். 80இல் 'ரிட்டர்ன் 444' எழுதினால் பதிலே சொல்லாமல் இணைப்பைத் துண்டித்துவிடும். 443இல் 'எஸ்எஸ்எல்_ரிஜெக்ட்_ஹேண்ட்ஷேக் ஆன்' போடுங்கள். 1.19.4 முதல் இந்த வசதி உண்டு, இதற்குப் பொய்ச் சான்றிதழ்கூடத் தேவையில்லை. 'என்ஜின்எக்ஸ் -டி' (சிறிய எழுத்து டி) கொடுத்துப் பிழையில்லை என்று பார்த்த பிறகே ரீலோடு.