உடுக்கையும் உள்ளங்கையும்

அன்புள்ள ஐயா,

இங்கே ஒரு யோகா நிலையத்தில் ‘மென்தொடுகை, ஷாமன் மேளம்: உள்ளமைதிக்கு ஒரு நாள் முகாம்’ என்று விளம்பரம் வந்திருக்கிறது. கட்டணம் 4,500 ரூபாய். தூக்கம் கெட்டு, எந்நேரமும் மனசு ஓடிக்கொண்டே இருக்கிறது, போய்ப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். அம்மாவோ, “இதுக்குக் கோடாங்கிகிட்டயே போயிரலாமே, வெத்தலை பாக்கோட முடிஞ்சிரும்” என்கிறார். இரண்டும் ஒன்றுதானா? வீட்டிலேயே ஏதாவது செய்துகொள்ள முடியுமா?

வி., திருப்பரங்குன்றம்

அன்புள்ள வி.,

அம்மா சொன்னதில் பாதி சரி. மேளம் அடித்து மனநிலையை மாற்றுவது இரண்டுக்கும் பொது. போக்குவரத்துதான் நேர் எதிர். ‘ஷாமன்’ என்பது, ஆவிகளோடு பேசும் பூசாரியைக் குறிக்க, சைபீரியாவின் எவெங்கி மக்களிடமிருந்து வந்த சொல். அங்கே மேளம் முழங்க, ஷாமனின் உயிர் வேறு உலகத்துக்குப் போய்ச் சேதியோடு திரும்புகிறது. உடுக்கை அடித்துக் குறி சொல்லும் கோடாங்கி எங்கும் போவதில்லை. சாமி அவர் மேல் இறங்குகிறது. இடது கை உடுக்கையின் இடுப்புக் கயிற்றை இறுக்கித் தளர்த்த, சத்தம் ஏறி இறங்கிக் குழையும். கூப்பிட்டுக் கெஞ்சுகிற சத்தம் அது.

முகாமில் அடிப்பது குழையாது. மைக்கேல் ஹார்னர் என்ற அமெரிக்க மானுடவியலாளர் பல இனங்களின் சடங்குகளிலிருந்து பொதுவானதைப் பிரித்தெடுத்து வகுத்த முறை அது. நிமிடத்துக்கு 200 அடிக்கு மேல், ஒரே சீராக, கால் மணி நேரம் போல அடிப்பார்கள். கண்ணை மூடிப் படுத்திருக்கும் நீங்களே ‘போய்வர’ வேண்டும். முடிவில் ஏழேழு அடியாக நான்கு முறை அடித்துத் திரும்ப அழைப்பது வழக்கம். இதை அவசரத்தில் சுருக்கினால் அரைமயக்கத்தில் எழுந்து வண்டியை எடுப்பீர்கள். வலிப்பு உள்ளவர்கள், மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்த மேளத்துக்குப் போகவே வேண்டாம்.

மதுரை பாண்டி கோயிலில் சாமியாடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஆடி ஓய்ந்து தண்ணீர் குடித்தவர் முகத்தில் ஒரு தெளிவு வரும். அந்த அமைதி ஆடியவருக்கு. குறி கேட்க வந்தவருக்குக் கிடைப்பது ஒரு காரணம்: குலசாமிக்குப் பொங்கல் பாக்கி, பங்காளி வைத்த செய்வினை. முதலாவது என்றால் பொங்கல் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். இரண்டாவது என்றால் இருக்கிற தூக்கமும் போகும்.

உங்களுக்கு வேண்டியது சேதி அல்ல, மனசு அடங்குவது. அதற்குக் கை போதும். முகாம்காரர்கள் சொல்லும் மென்தொடுகை அநேகமாகத் தலையோட்டையும் முதுகின் அடியையும் 5 கிராம் அழுத்தத்தில் தொடும் முறையாக இருக்கும். அங்கே ஒரு தனித் துடிப்பு தெரியும் என்பார்கள். ஒரே ஆளைத் தொட்ட இரண்டு பேர் ஆளுக்கொரு எண்ணிக்கை சொன்னதுதான் சோதனைகளில் கண்டது. துடிப்பை விடுங்கள்; மெதுவான கை வேலை செய்வது நிஜம்.

முடி முளைக்கும் தோலில் மெல்லிய வருடலுக்கென்றே சில நரம்பிழைகள் உண்டு. நொடிக்கு 3 செ.மீ. போல, உடம்புச் சூட்டிலுள்ள கை நகர்ந்தால் அவை நன்றாக விழித்துக்கொள்ளும். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை 24 செ.மீ. என்றால் ஒரு வருடலுக்கு எட்டு நொடி. கடிகாரத்தைப் பார்த்துச் செய்துபாருங்கள், பொறுமை போய்விடும். எல்லோரும் கோட்டை விடுவது இங்கேதான்: இரண்டே நொடியில் வழித்துவிட்டு ‘ஒண்ணும் தெரியலையே’ என்பார்கள். இதை நீங்களே உங்களுக்குச் செய்துகொண்டாலும் பாதிப் பலன்தான், சொந்தக் கை எங்கே வரும் என்று மூளைக்கு முன்பே தெரியும். அம்மா செய்யட்டும்.

சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, பழைய வேட்டியை விரித்துக் குப்புறப் படுங்கள். இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய்க் கிண்ணத்தை வெந்நீரில் வைத்து வெதுவெதுப்பாக்கினால் போதும், அடுப்பில் நேரே வைக்க வேண்டாம். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். எண்ணெய் உடம்பில் காற்றுப் பட்டால் சிலிர்த்து, தசை இறுகும். அம்மா முதலில் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையை வைத்து, அசைக்காமல், உங்கள் பத்து மூச்சு வரை காத்திருக்கட்டும். பிறகு கழுத்தடியிலிருந்து இடுப்பு வரை, முதுகெலும்பின் மேல் அல்ல, அதன் இரு பக்கமும், ஒரு இறக்கத்துக்குப் பதினைந்து நொடி. கையின் சொந்த எடை போதும், அமுக்கக் கூடாது. அடுத்து கைகள், கடைசியில் பாதம். மொத்தம் இருபது நிமிடம், பேச்சே இல்லாமல். அழுகை வந்தால் ‘என்னடி ஆச்சு’ என்று கேட்காமல், கையை இருந்த இடத்திலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள். முடிக்கும்போதும் வெடுக்கென்று எடுக்காமல் இடுப்பில் ஒரு நிமிடம் வைத்திருந்து எடுக்கட்டும்.

உடம்பைப் பிடித்துவிடும் சித்த மருத்துவ முறையான தொக்கணத்தில் ஒன்பது வகை உண்டு. அதில் இறுக்கல், முறுக்கல் எல்லாம் வைத்தியர் கைக்கு. கழுத்தைத் திருப்பிச் சொடுக்கு எடுப்பதை யாரிடமும் செய்துகொள்ளாதீர்கள், கழுத்து ரத்தக்குழாய் கிழிந்துபோகலாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அங்கே கை வைக்கக் கூடாது. உள்ளே ரத்தக்கட்டி இருந்தால் நுரையீரலுக்கு ஏறிவிடலாம், மருத்துவரிடம் போங்கள். தூக்கமின்மை வாரக்கணக்கில் நீண்டாலும் அப்படியே.

முகாமுக்குப் போவதாகவே இருந்தால், பணம் கட்டும் முன் எத்தனை பேர் வருகிறார்கள், தொடுகிறவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். இருபது பேருக்கு ஒருவர் என்றால் உங்கள் பங்குக்குச் சில நிமிடம்தான் தேறும். எண்ணெயை மறுநாள் காலை வெந்நீரும் சீயக்காயும் போட்டுக் கழுவலாம். குளியலறைத் தரையையும் சேர்த்துத் தேய்த்துவிடுங்கள், அடுத்து அம்மா குளிக்கப் போவார்.