எடை குறைய புரோட்டீன் பவுடர் வேண்டுமா?

கேள்வி: என் வயது 42. பழம், சாலட், சூப் என்று மூன்று மாதம் சாப்பிட்டு 78 கிலோவிலிருந்து 69 கிலோவுக்கு வந்தேன். இப்போது எடை அசையவில்லை. சோர்வாக இருக்கிறது, முடியும் கொட்டுகிறது. புரோட்டீன் பவுடர் குடித்தால் கொழுப்பு கரையும் என்கிறார் தோழி. சிறுநீரகம் கெட்டுவிடும் என்கிறார் கணவர். என்ன செய்யட்டும்?

பதில்: புரதம் கொழுப்பைக் கரைக்காது. ஒரு கிராம் புரதத்திலும் மாவுச்சத்தைப் போலவே 4 கலோரி இருக்கிறது. வழக்கமான சாப்பாட்டைக் குறைக்காமல் பவுடரையும் சேர்த்துக் குடித்தால் எடை ஏறத்தான் செய்யும்.

ஆனால் உங்கள் உணவில் புரதம் மிகவும் குறைவு. ஒரு ஆப்பிளில் ஒரு கிராம்கூடத் தேறாது. கொழுப்பைச் சேமிக்க உடலில் தனி இடம் உண்டு. புரதத்துக்கு அப்படிக் கிடங்கு கிடையாது. சாப்பாட்டில் கிடைக்காதபோது உடல் தசையிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். நீங்கள் இழந்த 9 கிலோவில் தசையும் போயிருக்க வாய்ப்புண்டு. எடை மெஷின் இதைக் காட்டாது. மாடி ஏறும்போதுதான் தெரியும். என்னிடம் வருபவர்களிடம் நான் அதிகம் வருத்தப்படுவது இந்த இழப்பைப் பார்த்துத்தான்.

புரதம் பசியையும் நன்றாகத் தாங்கும். அதன் கலோரியில் 20 முதல் 30 சதவீதம் செரிமானத்துக்கே செலவாகிறது. மாவுச்சத்தில் இது 5 முதல் 10 சதவீதம்தான். உதவிதான், ஆனால் இதை மட்டும் நம்பி எடை இறங்காது.

சரி, எவ்வளவு வேண்டும்? பெரியவர்களுக்குப் பொதுவான குறைந்தபட்ச அளவு, ஒரு நாளுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.8 கிராம். எடையைக் குறைக்கும்போது 1.2 முதல் 1.6 கிராம் வரை போகலாம். 65 கிலோ உங்கள் இலக்கு என்றால் 80 கிராமில் தொடங்குங்கள். அதை ஒரே வேளையில் அடைக்காமல் வேளைக்கு 25 கிராம் அளவில் பிரித்துக்கொள்ளுங்கள். பலரும் கோட்டைவிடுவது காலை உணவில்.

ஒரு முட்டையில் 6 கிராம், 200 மில்லி பாலில் 6 முதல் 7, வேகவைத்த பயறு 100 கிராமில் 8 அல்லது 9, சமைத்த மீன் 100 கிராமில் 20க்கு மேல். பருப்பு, சோயா, தயிர் எல்லாம் கணக்கில் சேரும். நிலக்கடலை, பாதாமில் புரதத்தைவிடக் கொழுப்பே கூடுதல், அளவாக வைத்துக்கொள்ளுங்கள். இவற்றிலேயே 80 கிராம் வந்துவிட்டால் பவுடர் தேவையில்லை. சாப்பிட முடியாத நாளில் ஒரு வேளைக்குப் பயன்படுத்தலாம், அவ்வளவுதான்.

உங்கள் கணவரின் பயத்துக்கு வருகிறேன். ஆரோக்கியமான சிறுநீரகத்தை இந்த அளவு புரதம் கெடுப்பதாகத் தெரியவில்லை. ஏற்கெனவே பழுதான சிறுநீரகம் என்றால் கதையே வேறு. அப்படி உள்ளவர்கள் மருத்துவர் சொல்லும் அளவைத் தாண்டக் கூடாது. சிறுநீரக நோய் தொடக்கத்தில் அறிகுறி காட்டாது. அதனால் ரத்தத்தில் கிரியாட்டினினையும் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) சிறுநீரில் ஆல்புமினையும் (கசியக் கூடாத ஒரு புரதம்) ஒருமுறை பார்த்துவிடுங்கள். சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால் இதைத் தள்ளிப்போடவே வேண்டாம்.

அப்புறம், தசைக்கு வேலை கொடுக்காமல் புரதம் மட்டும் சாப்பிட்டால் பலன் பாதிதான். வாரம் இரண்டு நாளாவது எடை தூக்கும் பயிற்சி செய்யுங்கள். நடைப்பயிற்சி நல்லது, ஆனால் அது இதற்கு ஈடாகாது.

வேகமாக எடை குறைந்தால் இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டுவது வழக்கம். பெரும்பாலும் திரும்ப வளரும், சில மாதம் பிடிக்கும். ஆனால் இரும்புச்சத்துக் குறைவும் தைராய்டு கோளாறும் இதே சோர்வைத் தரும். பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும்போது ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), டிஎஸ்எச் (தைராய்டுக்கான பரிசோதனை) மூன்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.