குடியாத்தத்தில் வண்டி எங்கே நிற்கிறது?

கேள்வி: குடியாத்தத்திலிருந்து அரக்கோணத்துக்குத் தினமும் பாசஞ்சரில் போகிறேன். செயலியில் 10 நிமிடத் தாமதம் என்கிறது. வண்டியோ 40 நிமிடம் கழித்து வருகிறது. எதை நம்புவது?

பதில்: அந்த 10 நிமிடம், வண்டி கடைசியாகக் கடந்த நிலையத்தின் கணக்கு. அதன்பின் எக்ஸ்பிரஸுக்கு வழிவிட லூப் லைனில் (நிலையத்தில் ஒதுங்கி நிற்கும் பக்கத் தண்டவாளம்) ஒதுக்கினால், அந்தக் காத்திருப்பு உடனே தெரியாது. ஆகவே நிமிடத்தை விட்டு, 'கடைசியாகக் கடந்த நிலையம்', 'புதுப்பித்த நேரம்' இரண்டையும் பாருங்கள். உங்கள் வண்டி ஜோலார்பேட்டை பக்கமிருந்து வருவது. ஆம்பூர் தாண்டிய செய்தி வந்த பிறகு வீட்டைவிட்டுக் கிளம்பினால் போதும்.

வண்டி எங்கே வருகிறது என்று காட்டும் ரயில்வேயின் என்டிஇஎஸ் தளத்தில் பெயரைவிட ஐந்து இலக்க எண்ணைப் போடுவதே நல்லது. எண் 6-இல் தொடங்கினால் மெமு, அதாவது குறுகிய தூர மின்சார ரயில். 0-வில் தொடங்கினால் சிறப்பு ரயில். பழைய எண்ணை வைத்துத் தேடித்தான் பலர் ஏமாறுகிறார்கள். நள்ளிரவுக்குப் பின் காட்பாடி வரும் வண்டிக்கு, அது கிளம்பிய முந்தைய நாள் தேதியைச் சில செயலிகள் கேட்கும்.

எண்ணே தெரியாதா? 'லைவ் ஸ்டேஷன்' பகுதியில் நிலையத்தின் பெயரைக் கொடுங்கள். அடுத்த சில மணி நேரத்தில் வரும் வண்டிகள் வரிசையாக வரும். பிளாட்பாரம் எண்ணை மட்டும் அதில் நம்பிவிடாதீர்கள். காட்பாடியில் அறிவிப்பே முடிவு.

'வேர் இஸ் மை டிரெயின்' செயலி இணையமின்றிச் செல்போன் டவரை வைத்து இடம் சொல்லும், நீங்கள் வண்டிக்குள் இருந்தால். பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு 'ரயிலுக்குள் இருக்கிறேன்' என்று அழுத்தினால், அது காட்டுவது உங்கள் இடத்தை! சாதாரண போன் என்றால் ரயில்வே விசாரணை எண் 139-ஐக் கூப்பிடுங்கள்.