450 வாட் என்று ஸ்டிக்கரில் இருந்தால் போதுமா?

கேள்வி: ஐ5-12400எஃப் ப்ராசஸர் போட்ட பி.சி. வைத்திருக்கிறேன். கேபினட்டோடு வந்த 450 வாட் எஸ்.எம்.பி.எஸ்.தான் (பி.சி.க்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி) உள்ளே இருக்கிறது. 8 ஜி.பி. ஆர்.டி.எக்ஸ் 4060 டி.ஐ கிராபிக்ஸ் கார்டு வாங்கினால் தாங்குமா? கடையில் 750 வாட் வாங்கச் சொல்கிறார்கள். ஸ்டிக்கர் படத்தை இணைத்திருக்கிறேன். (வாசகர், தண்டையார்பேட்டை)

பதில்: தாங்காது. அதற்காக 750க்கும் போக வேண்டாம். நல்ல 550 வாட் போதும்.

நீங்கள் அனுப்பிய படத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும் 450ஐ மறந்துவிடுங்கள். அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு கட்டம் இருக்கிறது பாருங்கள், அதில் 12 வோல்ட்டுக்கு நேராக 17 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. பெருக்கினால் 204 வாட். கிராபிக்ஸ் கார்டும் ப்ராசஸரும் கரண்ட் எடுப்பது இந்த லைனில்தான். 3.3, 5 வோல்ட் லைன்களையும் சேர்த்துக் காட்டி 450 என்று எழுதிவிட்டார்கள். இன்றைய பி.சி.யில் அந்த லைன்களுக்குப் பெரிய வேலை கிடையாது.

இப்போது உங்கள் செலவைப் பார்ப்போம். கார்டு 160 வாட். ப்ராசஸர் முழு வேகத்தில் 117. மதர்போர்டு, எஸ்.எஸ்.டி., ஃபேன் எல்லாவற்றுக்கும் தாராளமாக 50. மொத்தம் 327. 204தான் தர முடியும் என்று தானே ஒப்புக்கொள்ளும் பெட்டியிடம் இதைக் கேட்டால் என்ன ஆகும்? டெஸ்க்டாப்பில் சும்மா இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. கேம் சூடு பிடிக்கும் நேரத்தில் பட்டென்று அணையும். அணைந்தால் அதிர்ஷ்டம் என்றே சொல்வேன். பாதுகாப்பு சர்க்யூட் சரியில்லாத மலிவுப் பெட்டி போகும்போது போர்டையும் கூட்டிக்கொண்டு போகலாம்.

இந்தக் கார்டின் சிப்பை உருவாக்கிய என்விடியாவே 550 வாட்தான் சொல்கிறது. நொடிக்கும் குறைவான நேரத்துக்குக் கார்டு அதிகமாக இழுக்கும். அதையும் சேர்த்துத்தான் 327க்கும் 550க்கும் இந்த இடைவெளி. அடுத்த வருஷமே பெரிய கார்டுக்கு மாறப்போகிறீர்கள் என்றால் 750 வாங்குங்கள், தப்பில்லை.

மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட் நடக்கிற தூரம்தான். அங்கே '80 பிளஸ் கோல்டு' என்று காட்டுவார்கள். அது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான சான்று, உழைப்புக்கான உத்தரவாதம் அல்ல. நான் வாரண்டியைத்தான் முதலில் பார்ப்பேன், ஐந்து வருஷமாவது இருக்க வேண்டும். அப்புறம் 12 வோல்ட்டில் 40 ஆம்பியருக்கு மேல் வருகிறதா என்று பாருங்கள்.

இந்தக் கார்டு பெரும்பாலும் ஒரே ஒரு 8 பின் வயரோடு வேலை செய்யும். ப்ராசஸருக்குப் போகும் 8 பின்னும் பார்க்க அதே மாதிரி இருக்கும். ஆனால் அது 4+4 ஆகப் பிரியும், கார்டுக்கானது 6+2 ஆகப் பிரியும். நுழையவில்லை என்றால் அழுத்தாதீர்கள். வயர்களைக் கழற்றி மாட்டும் மாடுலர் மாடல் வாங்கினால் அதனுடன் வந்த வயரை மட்டும் போடுங்கள். வேறு கம்பெனி வயரில் பின் வரிசை மாறியிருக்கலாம்.

யு.பி.எஸ். வைத்திருந்தால் அதையும் பாருங்கள். வீட்டில் பலர் வைத்திருக்கும் 600 வி.ஏ. பெட்டி 360 வாட் அளவுக்குத்தான் தாங்கும். மானிட்டரையும் அதிலேயே செருகியிருந்தால், கேம் நடுவில் கரண்ட் போகும்போது கீச்சென்று கத்திவிட்டு அணைந்துவிடும்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன்: வெறும் காலோடு கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்கிறதா? நம் பக்கத்துப் பழைய வீடுகளில் பிளக் பாயின்ட்டில் மூன்றாவது ஓட்டை இருக்கும், பின்னால் எர்த் வயர் இருக்காது. அப்படியென்றால் புதுக் கார்டைப் பெட்டியிலிருந்து எடுப்பதற்கு முன்னால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.